பிஸ்கெட்டின் வாலில் சிவப்பு ரிப்பன்

அன்பும் மரியாதையும் நிறைந்த நோரா அக்காவுக்கு, கில்டராக்கிலிருந்து தம்பி டோனக் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி பிலோமினாவும் குதிரைகளும் நலம். மழையும் நலம், ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. பாஸ்டனில் அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது?

நம் நரி வேட்டைச் சங்கத்தில் புதியவர்களை வரவேற்கும் பொறுப்பு என்னுடையது என்பது உனக்குத் தெரியும். ஊரிலேயே வாய் உள்ளவன் நான்தான் என்று கொடுத்தார்கள். இந்த வருடம் வரவேற்க ஒருத்திதான் இருந்தாள், ஆனால் லேசுப்பட்ட ஆள் இல்லை. குவில்ட்டிக் கிழவர் போன பிறகு அவருடைய நிலத்தை டப்ளினிலிருந்து வந்த ஏதீன் என்ற பெண் வாங்கிவிட்டாள். அது நாம் வேட்டையாடும் பகுதிக்கு நட்டநடுவில் கிடக்கிறது. 'என் வயலில் குதிரை வரக் கூடாது' என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்பா காலத்திலிருந்து நடக்கிற வேட்டை அத்தோடு முடிந்தது. நரியின் வாசனை பிடித்து ஓடுகிற நாய்க்கூட்டத்திடம் போய், இது ஏதீன் வீட்டு எல்லை, சுற்றிப் போங்கள் என்று சொல்ல முடியுமா?

அதனால் புதியவர்களுக்கான வேட்டை நாளுக்கு அவளை அழைக்க நானே நேரில் போனேன். அவளைப் பற்றித் தெரிந்துகொள்ளும் ஆசையும் உண்டு என்று வைத்துக்கொள். டப்ளினில் என்ன வேலை, ஏன் தனியாக வந்தாள், வாசல் மணியை எதற்காகக் கழற்றி வைத்திருக்கிறாள்? எதைக் கேட்டாலும் டீயைத்தான் நீட்டினாள். அவள் பேசாததால் நான் பேசினேன். போட்ட டீ ஆறிப்போய், மறுபடி போட்டதும் ஆறும்வரை பேசினேன். தலைவரை முந்தக் கூடாது, விதைத்த வயலில் ஓரமாகத்தான் போக வேண்டும், கடைசியில் வருகிறவர் வேலிக்கதவை மூட வேண்டும், இன்னும் என்னென்னவோ. குதிரை ஏறத் தெரியும் என்றாள். நம் பிஸ்கெட்டையே கொடுத்தேன். ஈ உட்கார்ந்தால்கூட ஈயிடம் மன்னிப்புக் கேட்கிற குதிரை அது.

சனிக்கிழமை காலை மதுக்கடை வாசலில் கூடினோம். சூடான ஒயின் சுற்றி வந்தது. அப்போது ஏதீன் வந்தாள். பிஸ்கெட்டின் வாலில் பளபளவென்று சிவப்பு ரிப்பன்! அக்கா, நீயே சொல், உதைக்கிற குதிரைக்கு அல்லவா சிவப்பு ரிப்பன்? அதைக் கண்டால் நம் ஆட்கள் கிட்டவே போக மாட்டார்களே! பாவம், அழகுக்குக் கட்டியிருக்கிறாள்; இதை மட்டும் சொல்ல மறந்துவிட்டேன் போலிருக்கிறது என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவிழ்க்க ஓடினால், தலைவர் பார்னி என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார்.

"டேய், கிட்டப் போகாதே, மண்டை பொளந்துரும்!"

"என் குதிரைதான் அண்ணே. அது உதைக்காது."

"யார் குதிரையா இருந்தா என்னடா? ரிப்பன்னா ரிப்பன்தான். நீ முன்னாடி போய் வேலிக்கதவைத் திற."

ஊதுகொம்பு ஊதியாயிற்று. நாங்கள் முன்னால் பறந்தோம், ரிப்பன் குதிரை வழக்கப்படி கடைசியில். ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவளிடம் கேட்பது போல எல்லோரும் தூரத்திலிருந்தே அவளை நலம் விசாரித்தார்கள். மதியம் சாண்ட்விச்சைச் சாட்டைக் கம்பு நுனியில் வைத்து நீட்டினார்கள். மழையில் ஒரு மரத்தடியில் அவள் தன்னந்தனியாக நின்று தின்றதைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. விருந்தாளியை இப்படியா நடத்துவார்கள்? நிலமும் போச்சு, வேட்டையும் போச்சு என்று முடிவு கட்டினேன்.

சாயங்காலம் மறுபடி மதுக்கடையில் கூடியபோது, சேறும் சிரிப்புமாக அவள் பார்னியிடம் வந்து நின்றாள். "என் நிலத்துல தாராளமா வாங்க. இப்படிப்பட்ட ஜனங்களை நான் பார்த்ததே இல்லை. ஆனா எப்பவும் என்னை இதே மாதிரிதான் நடத்தணும்."

கடையே அதிர்ந்தது. எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். ஏன் சிரித்தாள், எது பிடித்தது என்று எனக்கு இரவெல்லாம் மண்டை குடைந்தது. கடைசியில் பிடிபட்டது: அன்றைக்கு அவள் சமையலறையில் நான் பேசிய பேச்சு! அதுதான் உள்ளே போய் வேலை செய்திருக்கிறது. இனி வாரம் ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வரலாம் என்றிருக்கிறேன். வேட்டையைக் காப்பாற்றியது உன் தம்பியின் வாய்தான் என்று அங்கே நம் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகள் நூறாண்டு சேணத்திலிருந்து விழாமல் வாழட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி டோனக்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஏதீன் சேணத்தைத் திருப்பித் தர வந்தாள். "ரிப்பன் விஷயத்தைச் சொல்ல மறந்துட்டேன், மன்னிச்சுக்கம்மா" என்றேன். "மறக்கலையே, ரெண்டு தடவை சொன்னீங்க. அதைக் கட்டினா ஒருத்தரும் பேச்சுக் கொடுக்கக்கூடக் கிட்ட வர மாட்டாங்கன்னு. நீங்க அந்தப் பக்கம் போனதும் நான் இந்தப் பக்கம் கடைக்குப் போயிட்டேன்" என்றாள். இப்போது அவள் வீட்டு வாசற்கதவிலும் ஒன்று தொங்குகிறதாம். மேலே எழுதியதை யாருக்கும் படித்துக் காட்டாதே. பிலோமினா இன்னும் சிரித்து முடிக்கவில்லை. ரிப்பன் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு ஏதீன் பின்னாலேயே போயிருக்கிறாள்.