அல்வின் ரக்கர் வீட்டு வாசலில் நான் பார்த்தது

டன்ஸ்டன், ஜார்ஜியா
ஞாயிறு, அக்டோபர் 19

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

தம்பி லெஸ்டர் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் இரத்த அழுத்தமும் ஒருவரையொருவர் அனுசரித்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம். அங்கே ஓரிகானில் உன் இடுப்பு வலி குறைந்ததா, ஆர்வில் அத்தான் ஏணியில் ஏறுவதை நிறுத்தினாரா என்று அறிய ஆசை. நீ மூன்று முறை போன் செய்தும் நான் எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. மணி அடித்தால் இப்போதெல்லாம் போனை விட்டுத் தள்ளிப் போய் நின்றுகொள்கிறேன். பாதிப் பேர் பாராட்டக் கூப்பிடுகிறார்கள், மீதிப் பேர் திட்டக் கூப்பிடுகிறார்கள், பேசி முடித்த பிறகுதான் யார் எந்தப் பாதி என்று புரிகிறது. உங்கள் ஊர் டிவியில் என் ஜன்னலைக் காட்டினார்கள் என்றும் திரைச்சீலை அழுக்காக இருந்தது என்றும் போனில் நீ பதிவு செய்து வைத்ததைக் கேட்டேன். துவைத்துவிட்டேன். மற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

எதிர்வீட்டு அல்வின் ரக்கரை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவர். பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர், ஐம்பத்தொன்பது வயது, எங்கள் தெருவுக்குக் குடிவந்த முதல் கறுப்பர். பதினோரு வருடத்தில் நானும் அவரும் பேசியதெல்லாம் புல்வெட்டும் மெஷினைப் பற்றித்தான். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி சனிக்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும், ஆணி வாங்கப் போன கடை வாசலில் அவருடைய வெள்ளி நிறக் கார் டேல் கிம்சி என்பவனின் டிரக்கை லேசாக உரசிவிட்டது. அல்வின் தன் பெயரையும் நம்பரையும் காகிதத்தில் எழுதி நீட்டியிருக்கிறார். டேல் அதை வாங்காமல் கத்தியிருக்கிறான். முப்பத்துநான்கு வயது, வெள்ளைக்காரன், கூரை வேலை செய்பவன். இவர் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டார், அவன் பின்னாலேயே வந்தான். வந்தவன் அல்வின் வீட்டுப் புல்லை மிதித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தான். அல்வின் மூன்று முறை கை காட்டித் திரும்பிப் போகச் சொன்னார், பின்வாங்கி நகர்ந்து நகர்ந்து முதுகு கதவில் இடித்த பிறகு இடுப்பிலிருந்து துப்பாக்கியை எடுத்து ஒரே முறை சுட்டார். டேல் ஷூ கயிற்றைக் கட்டப் போகிறவன் மாதிரி புல்லில் உட்கார்ந்தான், பிறகு படுத்தான். அல்வினின் மனைவி எர்னஸ்டின் துண்டுகளை எடுத்துக்கொண்டு ஓடிவந்து ஆம்புலன்ஸ் வரும்வரை காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் பிழைக்கவில்லை. நான் சமையலறை ஜன்னலில் காபியோடு நின்றிருந்தேன்.

அக்கா, அன்றைக்கு எதை மறந்தாலும் அந்த டிரக்கை மறக்க முடியவில்லை. என் வீட்டு ஓரமாகத்தான் நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, கண்ணாடி துடைப்பான் இரண்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்துகொண்டிருந்தன. மழையில்லை, மேகம்கூட இல்லை. தடயம் கலைந்துவிடும் என்று ஷெரீஃபின் ஆட்கள் அதைத் தொடவில்லை. இறந்தவனைக் கொண்டுபோனார்கள், அல்வினை விலங்கு போட்டுக் கூட்டிப்போனார்கள், டிரக் மட்டும் உலர்ந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தது. நாலரை மணிக்கு பெட்ரோல் தீர்ந்து சத்தம் நின்றது. அதுவரை வெளியே தலை காட்டாத தெரு முழுவதும், நின்ற பிறகு வெளியே வந்து பார்த்தது.

விவகாரம் எல்லாம் டேலின் கையில் என்ன இருந்தது என்பதில் வந்து நின்றது. போலீஸ் வருவதற்கு முன்பே டேலின் அண்ணன் வந்து சேர்ந்துவிட்டான். புல்லில் கிடைத்தது போன். டயர் கழற்றும் இரும்புக் கம்பி டிரக்கின் பின்தட்டில், மற்றச் சாமான்களோடு சாமானாகக் கிடந்தது. கம்பியோடுதான் வந்தான், அண்ணன் எடுத்துப் போட்டுவிட்டான் என்கிறார் அல்வின். போனைத் தவிர எதுவும் இல்லை என்கிறான் அண்ணன். தெருவிலேயே கேமரா வைத்திருப்பது ஒரே ஒரு வீடு, அது அவர்கள் பூனையைப் படம் பிடித்திருக்கிறது. மிச்சம் நான். அன்று போலீஸ்காரர் கேட்டபோது, "கையில என்னமோ நீளமா இருந்துச்சு" என்றேன். அந்த "என்னமோ"வில் ஒரு மனிதனின் ஆயுள் தொங்கும் என்று யாருக்குத் தெரியும்.

அரசு வழக்கறிஞர் கொலைக் குற்றம் சாட்டினார். ஜாமீன் கிடைக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு ஆற்றுச் சாலையில் ஒரு வெள்ளைக்காரர், விலாசம் தவறிப் பொட்டலம் கொண்டுவந்த கறுப்பரைச் சுட்டபோது, உயிருக்குப் பயந்து சுட்டார் என்று இதே வழக்கறிஞர் நாலாம் நாள் வழக்கை மூடியது உனக்கு நினைவிருக்கும். எர்னஸ்டின் போகிற சர்ச்சின் ஆட்கள் அதைத்தான் கேட்டார்கள், பயப்படுகிற உரிமை தோலைப் பார்த்தா கொடுக்கப்படுகிறது என்று. டேல் பக்கத்தவர்கள், வெறுங்கையோடு வந்தவனைச் சுட்டவனுக்கு நிறத்தைக் கேடயமாகப் பிடிக்கிறீர்களே என்றார்கள். பத்திரிகையில் தினமும் இரண்டு பக்கம் கடிதம். முடிவெட்டும் கடையில் ஒரு பக்கக் கிருதாவை எடுத்துவிட்டு, மறு பக்கத்தை எடுப்பதற்கு முன் என் கருத்தைக் கேட்டார்கள்.

எல்லாரும் நான் என்ன பார்த்தேன் என்பதை எனக்கே சொல்ல ஆரம்பித்தார்கள். பல் டாக்டரிடம் போனேன். இரண்டு கருவியும் ஒரு பஞ்சும் வாய்க்குள் இருக்கும்போது குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"அது போன்தான், லெஸ்டர். வயசானா நீளம் அகலம் மாறித் தெரியும். தப்பில்ல. துப்புங்க."

துப்பினேன். அதை அவர் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. அன்று மாலையே எர்னஸ்டின் சர்ச்சிலிருந்து ஓர் அம்மாள் சர்க்கரைவள்ளிக்கிழங்கு வைத்துச் சுட்ட பலகாரம் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, "ரெண்டடிக் கம்பிங்க, நல்லா ஞாபகம் வச்சுக்குங்க. பலகாரத்தச் சூடு பண்ணிச் சாப்பிடணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். என் புல்வெளியில் இரண்டு கட்சியும் தங்கள் கோஷத்தை எழுதிய பலகை நட்டன. பிடுங்கினேன், மறுநாள் முளைத்திருந்தன.

இதுவரை சிரிக்கலாம். செப்டம்பரிலிருந்து தினமும் மாலை நான்கு மணிக்கு என் வீட்டு முன் தெருவில் ஆட்கள் வந்து நிற்கத் தொடங்கினார்கள். அந்த ஓரம் கறுப்பர்கள், இந்த ஓரம் வெள்ளைக்காரர்கள், முப்பது நாற்பது பேர். கோஷம் கிடையாது, பேச்சும் கிடையாது. எல்லாரும் என் சமையலறை ஜன்னலைப் பார்த்து நிற்பார்கள். நான் இடது பக்கம் நகர்ந்தால் தலைகள் இடது பக்கம் திரும்பும். அடுப்புப் பக்கம் போனால் அந்தப் பக்கம் திரும்பும். அரை மணி நேரம் நின்றுவிட்டு, யாரும் எதுவும் சொல்லாமல் ஒரே சமயத்தில் கலைந்து போவார்கள். திரைச்சீலையை இழுத்து மூடினேன். மூடினாலும் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் டேல் வர ஆரம்பித்தான். பேய் பிசாசு என்று பயந்துவிடாதே. காலையில் கோப்பையைக் கழுவிக்கொண்டே நிமிர்ந்தால் எதிர்ப் புல்லில் நடந்து போவான், நல்ல வெயிலில். ஒரு நாள் கையில் போன், அதன் கண்ணாடியில் விரிசல்கூடத் தெரியும். நான் அந்த போனைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. மறுநாள் கம்பி. ஒரு நாள் இரண்டு கையும் வெறுமையாக வீசிக்கொண்டு போனான், பாதி வழியில் நின்றான், திரும்பி என்னைப் பார்த்தான். சுடப்பட்ட அன்று அவன் திரும்பவே இல்லை, அக்கா. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

இரண்டு வாரம் முன்பு அவன் அம்மா லொரெட்டா வந்தாள். பள்ளி உணவுக்கூடத்தில் வேலை பார்த்தவள், உனக்கும் பழக்கம்தான். கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்டாள். காபி வேண்டாம் என்றாள். அவன் கடைசியாக ஏதாவது சொன்னானா என்று கேட்டாள். ஜன்னல் மூடியிருந்தது, காதில் விழவில்லை என்றேன். கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"நீங்க நின்ன எடத்துல நான் கொஞ்ச நேரம் நின்னு பாக்கலாமா, லெஸ்டர் அண்ணா?"

நின்றாள். சுவர்க் கடிகாரம் ஓடுவது எனக்குக் கேட்டது. அவள் நெற்றி கண்ணாடியில் கிட்டத்தட்டப் படுகிறது, மூச்சு கண்ணாடியில் படிந்து படிந்து மறைகிறது. வேலி ஓரத்து அசேலியாச் செடிக்கு மேலே எட்டிப் பார்த்தாள், பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தாள்.

"இங்கேருந்து தல தெரியுது, தோள் தெரியுது. கை தெரியலையே அண்ணா" என்றாள்.

அப்போது செடி இவ்வளவு வளர்ந்திருக்கவில்லை என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள், நன்றி சொல்லிவிட்டுப் போனாள். கண்ணாடியில் அவள் நெற்றி பட்ட இடத்தை இரண்டு முறை துடைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை நீதிமன்றம். அல்வின் சுட்டது தற்காப்பா இல்லையா, வழக்கு நடக்க வேண்டுமா என்று நீதிபதி முன்கூட்டியே விசாரிக்கிற நாள். என் பழைய கோட்டு மாட்டவில்லை, பித்தானைப் போடாமல் போனேன். அல்வின் பாதியாக இளைத்திருந்தார். இரண்டு வக்கீல்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், கையில் என்ன இருந்தது. நான் சொன்னது இதுதான்: "அன்னிக்கு நீளமா என்னமோன்னு சொன்னேன். இப்ப கண்ண மூடினா ஒரு நாள் போன் தெரியுது, ஒரு நாள் கம்பி தெரியுது. நான் பார்த்தது எது, ஊர் சொன்னது எதுன்னு என்னால பிரிக்க முடியல." வெளியே வந்ததும் இரண்டு பக்கமும் என்னைத் திட்டியது, டன்ஸ்டன் இந்த வருடத்தில் ஒற்றுமையாகச் செய்தது அது ஒன்றுதான். மறுநாள் பத்திரிகையில், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவுள்ள முதியவர் என்று என்னைப் பற்றித் தலையங்கம் எழுதினார்கள். வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன், அத்தானுக்குக் காட்டு. நீதிபதி இருபத்தெட்டாம் தேதி முடிவு சொல்வார்.

ஆகவே அக்கா, என் கடமை முடிந்தது. மனசாட்சிப்படி நடந்துகொண்டேன். நீ எத்தனையோ முறை கூப்பிட்ட மாதிரி அங்கேயே வந்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். கோழிக் கூண்டுக்குப் பக்கத்து அறை போதும். அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்கள் கூரை ஒழுகாமலும் மூட்டுகள் வலிக்காமலும் கர்த்தர் காப்பாராக.

என்றும் உன் தம்பி,
லெஸ்டர் ஹாப்குட்

பின்குறிப்பு: திங்கட்கிழமை காலை. உறையை ஒட்டிவிட்டுத் திரும்பப் பிரித்தேன். மேலே எழுதியதை நம்பாதே.

லொரெட்டா சொன்னது சரி, ஜன்னலிலிருந்து கை தெரியாது. நான் கையைப் பார்த்தது என் வாசலில். டேல் திருப்பத்தில் அல்வினின் காரைத் தவறவிட்டுவிட்டு, என் வீட்டு முன்னால் நிறுத்தி என் கதவைத்தான் முதலில் இடித்தான், கம்பியால். திறந்தேன். "அந்தக் கறுப்பன் எந்த வீட்டுக்குள்ள போனான்?" என்று கேட்டான். கம்பிக்கும் என் மூக்குக்கும் ஓரடிகூட இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. காபிக் கோப்பை பிடித்திருந்த கையாலேயே எதிர்வீட்டைக் காட்டினேன். "தேங்க்ஸ் ஐயா" என்றான். கதவைச் சாத்திவிட்டு ஜன்னலுக்குப் போனேன், ஏதோ நடக்கப்போகிறது என்று தெரிந்துதான் போனேன். அவன் கேட்டது ஒரு வெள்ளைக்காரர் வீடாக இருந்தால், எதுக்குப்பா கம்பியோட என்று ஒரு வார்த்தையாவது கேட்டிருப்பேன், அக்கா. இதை எழுபது நாளாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன், வேறு மாதிரி வரவில்லை. கதவின் நிலைச்சட்டத்தில் கம்பி இடித்த பள்ளத்தை, அந்த டிரக் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே உட்கார்ந்து மக்குப் பசை வைத்து அடைத்தேன். மறுநாள் பெயிண்ட் அடித்தேன். ஒரு போனையும் ஒரு கம்பியையும் மாறி மாறிப் பார்த்தேன் என்று நீதிபதியிடம் சொன்னேனே, மாறி மாறிப் பார்க்கத்தான் ஆசைப்பட்டேன்.

ஒன்பது மணிக்கு அல்வினின் வக்கீலுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கதவு நிலையைத் தொட வேண்டாம், எனக்கும் ஒரு வக்கீல் தேவைப்படும், இப்போதே ஆட்கள் வருகிறார்கள் என்றார். அவர்கள் வருவதற்குள் எதிர்வீட்டுக்குப் போனேன். எர்னஸ்டின் வலைக்கதவைத் திறக்கவில்லை, அந்தப் பக்கம் நின்றபடியே கடைசிவரை கேட்டாள்.

"அவரு உள்ள போயி எத்தன நாள் ஆச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

எழுபது நாள் இருக்கும் என்றேன்.

"எழுபத்திரண்டு" என்று சொல்லிவிட்டு உள்கதவைச் சாத்தினாள்.