மன்னிச்சிடுவுக்கு முன்னால் நாற்பது விநாடி

நாடகக்காரர்களில் பல ரகம் உண்டு. எழுதுகிறவர், நடிக்கிறவர், திரை இழுக்கிறவர். இவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை. நான் சொல்ல வந்தது முதல்முறை இயக்குகிறவரைப் பற்றி.

நேற்றுவரை அவரும் நம்மைப்போல மனிதர்தான். எங்கள் அமெச்சூர் குழுவில் ஒருவர் இருந்தார். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. ஐந்து வருஷமாக மேடைக்கு நாற்காலி தூக்கிக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் மீசை ஒட்டிவிட்டுக்கொண்டு, பரமசாதுவாக இருந்தவர். புதிய இயக்குநர்களின் குறுநாடகங்கள், ஆளுக்குப் பதினைந்து நிமிஷம் என்று குழு அறிவித்ததுதான் தாமதம், மறுநாளே கறுப்புச் சட்டை, மூன்று நாள் தாடி, கண்ணை இடுக்கிக்கொண்டு வெறும் சுவரையே பார்க்கும் பழக்கம் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன.

கதை சின்னது. கணவனும் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள். கடைசியில் கணவன் "மன்னிச்சிடு" என்கிறான். கணவனாக ஒரு பல் டாக்டர். மனைவியாகத் தபால் ஆபீஸில் ஸ்டாம்ப் விற்கும் அம்மாள். தையல் கடை மாடியில் ஒத்திகை.

"நான் எங்க நிக்கணும்?" என்றார் டாக்டர்.

"நிக்கணும்னு நினைக்காதீங்க டாக்டர். இருங்க."

"அதான், எங்க இருக்கணும்?"

"வலிக்குள்ள."

டாக்டருக்கு வலி புதிதா என்ன? ஆனால் அவருக்குத் தெரிந்த வலியெல்லாம் அடுத்தவர் வாயில் இருப்பது.

அந்த "மன்னிச்சிடு"வுக்கு முன்னால் நாற்பது விநாடி மௌனமாம். நாடகத்தின் உயிரே அங்கேதானாம். டாக்டர் பதினைந்தைத் தாண்டுவதற்குள் தொண்டையைச் செருமிவிடுவார். ஆறு வாரம் இதே போராட்டம். வீட்டிலாவது விட்டாரா இயக்குநர்? சாப்பிடும்போது, ஷூ மாட்டும்போது, மனைவி துணி மடிக்கும்போது, "மன்னிச்சிடு"வை இருபது விதமாகச் சொல்லிப் பார்ப்பார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து மனைவி கேட்டது அப்போதுதான். அதுவும் டாக்டருக்காக.

அரங்கேற்றத்தன்று இயக்குநரின் மனைவி முன்வரிசையில் இருந்தார். மௌனம் தொடங்கியது. பத்து, இருபது, முப்பது விநாடி. டாக்டர் செருமவில்லை. இயக்குநர் திரைக்குப் பின்னால் பூரித்துப்போனார். ஆனால் மனைவிக்கு டாக்டரின் முகம் தெரிந்தது. அது நடிப்பல்ல, மனிதர் வசனத்தையே மறந்துவிட்டு வியர்த்துக்கொண்டிருந்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனைவி, அரங்கமே அதிரச் சொன்னார்:

"மன்னிச்சிடுன்னு சொல்லித் தொலைங்களேன்!"

"மன்னிச்சிடு!" என்று அலறினார் டாக்டர்.

தபால் அம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சபையைப் பார்த்து, "எல்லாருக்கும் கேட்டுச்சா?" என்றார். கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. உள்ளே இயக்குநர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

நாடகம் முடிந்ததும் குழுத் தலைவர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கூட்டத்துக்குள்ளயே ஒரு ஆளை உக்கார வெச்சீங்களே, அபாரம்! யார் யோசனை?"

இயக்குநர் பக்கத்தில் நின்ற மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். "அது வந்து... ரொம்ப நாளா மனசுல இருந்த உத்தி சார்."

மனைவி விறுவிறுவென்று வெளியே நடந்தார். பஸ் நிறுத்தத்தில்தான் இயக்குநரால் அவரை எட்டிப் பிடிக்க முடிந்தது.

"நாளைக்கும் ஷோ இருக்கு. அதே இடத்துல உக்காந்து அதே மாதிரி சொன்னீன்னா..."

"சொல்றேன். மொதல்ல நீங்க சொல்லுங்க."

"என்னத்த?"

மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பஸ் வந்தது; போயிற்று. இயக்குநருக்குக் காது சிவந்தது.

"மன்னிச்சிடு" என்றார், சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி.

"கடைசி வரிசைக்குக் கேக்கல."

இரண்டாம் முறை சொன்னபோது பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாள் ஷோவும் நன்றாகவே நடந்தது.

இவரைப் பார்த்து நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். நாடகக் கொட்டகைப் பக்கமே எட்டிப் பார்த்திராதவர் நீங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போது, 'அந்த மனைவியை முன்வரிசையில் போடாமல் நட்டநடுவில் உட்கார வைத்திருந்தால் இன்னும் எடுபட்டிருக்குமே' என்று ஒரு நொடி தோன்றியதா, இல்லையா? தோன்றியிருந்தால், வீட்டில் இருப்பவர்களிடம் இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள். பாவம், அவர்களும் தயாராக வேண்டாமா?