ஏழு மணி நேரத் தூரம்

விமானம் தரை தொட்டபோது காலை மணி ஒன்பது பத்து. விமான நிலையத்தில் நேர அட்டவணை எழுதும் அட்டவணைக்காரர், தம் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டிய நேரமோ மாலை நாலு. இடையில் கிடக்கும் பொழுதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல், வருகைக் கூடத்தின் மூலை நாற்காலியில் பெட்டியை அணைத்தபடி உட்கார்ந்தார்.

தம் ஊர் விமான நிலையத்துப் பலகையில் தினமும் எழுதுகிறவரே அவர்தான்: அக்கா ஊருக்குத் தூரம் இருநூற்றுப் பத்து கிலோமீட்டர், பறக்கும் நேரம் நாற்பது நிமிடம். ஆறு வருடத்துக்கு முன் அத்தான் காலமானதும், ஒரு நடை வந்துவிட்டுப் போகும்படி அக்கா கூப்பிட்டாள். அவள் அழுவதைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நேர் விமானம் கிடையாது, இரண்டு இடத்தில் மாறணும், ஏழு மணி நேரம் ஆகும் என்று சொல்லிவைத்தார்.

"அவ்வளவு தூரமா? அலையாதேடா, உடம்பு கெட்டுடும்" என்றாள் அக்கா. அதற்குப் பிறகு அவள் கூப்பிடவேயில்லை. அதுதான் அவரை அரித்தது. அடுத்த வாரம் அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன் என்று தெரிந்ததும், பழைய கணக்கு மாறாமல் மாலை நாலுக்கு வந்து சேருவேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ஆண்டவன் அக்காவை நாற்பது நிமிடத் தொலைவில்தான் வைத்திருந்தான். மீதியெல்லாம் இவர் சேர்த்தது.

பத்தரைக்கு அக்காவின் ஃபோன். "எங்கேடா இருக்கே?"

"ஒரு இடத்துல மாறியாச்சு அக்கா. அடுத்ததுக்குக் காத்திருக்கேன்."

சொல்லி முடிப்பதற்குள் கூரை ஒலிபெருக்கி, அக்காவின் ஊர்ப் பெயரைச் சொல்லியே எல்லாரையும் வரவேற்றது. அதை மறைக்க இவர் பலமாக இருமினார்.

"இருமலா? காதை மூடிக்கிட்டு உக்காரு. மெதுவா வா" என்று வைத்துவிட்டாள்.

கூடத்தைப் பெருக்கும் அம்மாளும் அந்த இருமலைக் கேட்டு, வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்த கையோடு கேள்வியும் வந்தது. "யாருக்காகங்க காத்திருக்கீங்க?"

"அக்காவுக்கு. சாயந்திர விமானத்துல வராங்க."

"சாயந்திரம் இங்கே விமானமே கிடையாதே."

"அப்போ... நாளைக்குக் காலையில வருவாங்க."

"அதுவரைக்கும் இந்த நாற்காலியிலேயா?"

ஆமாம் என்று தலையாட்டினார். இனி இந்த அம்மாள் கண்முன்னால் நாலு மணிக்கும் எழுந்து போக முடியாது. அவள் துடைப்பத்தைச் சாத்திவிட்டு, நேரே வாசல் காவலரிடம் போய் இவரைக் காட்டி ஏதோ சொன்னாள்.

மணி பன்னிரண்டு. வயிறு கூவியது. போதும் இந்தக் கூத்து, வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா காலைப் பிடித்து உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். அந்த நேரம் காவலர் பூட்ஸ் ஒலிக்க அவரை நோக்கி வந்தார். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளப்போகிறார் என்று அட்டவணைக்காரர் எழுந்து நின்றார்.

காவலர் ஒரு டிபன் கேரியரை அவர் கையில் வைத்தார்.

"உங்க அக்கா குடுத்துட்டுப் போனாங்க சார். ஆறு வருஷமா உங்க ஊர்க் காலை விமானம் வந்ததும் கண்ணாடி வழியா எட்டிப் பார்த்துட்டுப் போவாங்க, இன்னிக்கு உங்களைப் பார்த்துட்டாங்க. 'அவன் சாயந்திரம்தான் வந்து சேருவான், அதுவரைக்கும் பசி தாங்கமாட்டான்'னு சொன்னாங்க."