இரைச்சல்தான் பாட்டு

"இரைச்சல் மொத்தத்தையும் எடுத்துட்டேன்மா. இப்பக் கேளு, கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றார் அண்ணன், பெருமை தாங்காமல்.

அவள் தான் பதிவு செய்து கொடுத்த பாட்டைப் போட்டுக் கேட்டாள். கிதார் தேனாக வழிந்தது. அவள் தொண்டை கிழியக் கத்திய கத்தல், சபையில் ஒருவர் மரியாதையாகச் செருமுவதுபோல் ஒலித்தது.

"அண்ணா, இரைச்சல்தான் பாட்டே!"

"என்ன உளர்றே?" விளம்பரப் படங்களுக்கு ஒலி சேர்க்கிறவர் அவர். "ஊரே என்கிட்ட சத்தத்தைச் சுத்தம் பண்ணத்தான் வருது."

"இது பிளாக் மெட்டல்ண்ணா, ராக் இசையிலயே முரட்டு வகை. கரகரன்னு, தூரத்துல யாரோ புயல்ல நின்னு அலறுற மாதிரி இருக்கணும்."

"அப்போ புயல்கிட்டயே குடுத்திருக்கலாமே, என்கிட்ட எதுக்குக் குடுத்தே?"

"சரி, பழசைக் குடுங்க."

"அழிச்சுட்டேனே. இடத்தை அடைக்குதுன்னு."

அவள் வேலை பார்ப்பது துணி துவைக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் கம்பெனியில். போன் செய்கிறவர்கள் முதலில் கேட்பது பதிவு செய்துவைத்த அவள் குரலைத்தான். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம். தயவுசெய்து காத்திருங்கள்.' பஞ்சால் ஒற்றி எடுத்த குரல். அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயரே 'காத்திருங்கம்மா'. பகலெல்லாம் ஊரார் வசவைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கத்துவாள். அந்தக் கத்தல்தான் பாட்டானது. அதை ஒருவர் துடைத்துப் பளபளப்பாக்கினால் மனசு ஆறுமா?

மறுபடி பதிவு செய்தாள், சமையலறையில், ஓட்டை மைக்கில். பாதிக் கத்தலில் கதவு இடிபட்டது. எதிர்வீட்டுக்காரர் கையில் கடப்பாரையோடு நின்றார்.

"யாரைம்மா கொல்றாங்க?"

"யாரையும் இல்ல சார். பாடிட்டிருந்தேன்."

"யாராவது கேட்டா அப்படித்தான் சொல்லணும்னு மிரட்டினானா?" என்று கேட்டபடி அவர் உள்ளே நுழைந்து கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார்.

அடுத்தது துணி அலமாரி. உள்ளே புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு கத்தினாள். வெளியே ஈ காக்கைக்குக்கூடக் கேட்கவில்லை. ஆனால் கம்பளியும் போர்வையும் கூர்மையை எல்லாம் விழுங்கிவிட்டு, உறுமலை மட்டும் மிச்சம் வைத்தன.

டிரம்ஸ் வாசிக்கும் தோழிக்கு அனுப்பினாள். தோழி பல் டாக்டர். பிளாக் மெட்டல் தேசத்தின் எல்லைக் காவல் படையும் அவளே.

"இது பிளாக் மெட்டலே இல்லடி. டெத் மெட்டல்!"

"வாய்க்கு வந்ததைச் சொல்லாதே."

"பின்னே? பிளாக் மெட்டல் பனிக்காத்து மாதிரி மேலாக்க வந்து அறுக்கணும். இது பூமிக்கடியில படுத்துக்கிட்டு ஏப்பம் விடுது. இதுக்கு நான் வாசிச்சேன்னு வெளிய சொல்லிடாதே."

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை, கிதாரும் கையுமாக ஆளில்லாத அலுவலகத்துக்குப் போனாள். புது அறிவிப்பு ஒன்றைப் பதிவு செய்து போன் இணைப்பில் ஏற்றும் வேலை பாக்கி இருந்தது. அங்கே சத்தம் வெளியே போகாத ஒலிப்பதிவு அறை உண்டு. அறிவிப்பைப் பஞ்சுக் குரலில் முடித்தாள். பிறகு கிதாரை எடுத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரக் கத்தினாள். கத்திய வேகம் அடங்குமுன், இரண்டு பதிவில் ஒன்றைப் போன் இணைப்பில் ஏற்றிவிட்டு வீடு திரும்பினாள்.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். முகம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. கம்பெனி எண்ணைச் சுழற்றி, ஸ்பீக்கரைத் தட்டினார்.

அவளுக்கு ரத்தம் உறைந்தது. அடுத்த நொடி, உறைந்தது அப்படியே உருகியது. போன் கம்பி அடித்தொனி அத்தனையையும் உறிஞ்சிவிட்டிருந்தது. கிதார், தகர டப்பாவில் அடைத்த குளவிக் கூட்டமாகச் சீறியது. அவள் குரல் எங்கேயோ பாழுங்கிணற்றுக்கு அப்பாலிருந்து அறுத்துக்கொண்டு வந்தது. எத்தனை நாள் அலைந்தாள் இந்தச் சத்தத்துக்காக!

"சிரிக்கிறீங்களா?" மேனேஜர் மேசையைத் தட்டினார். "போன் ஓயலைம்மா! வழக்கமா வர்றதைப்போல ரெண்டு மடங்கு! மெஷின் கெட்டுப்போச்சுன்னு கூப்பிட்டவங்க காதுல பேயை விட்டிருக்கீங்க!"

"மாத்தி ஏத்திட்டேன் சார். தப்புதான்."

அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, பழைய ஆளாச்சேன்னு விடறேன். லைன்ல ஏதோ கோளாறு, அதான் அந்தச் சத்தம்னு மேல சொல்லிடலாம். நீங்களும் அதையே சொல்லுங்க."

தலையாட்டினால் போதும். அவள் தலையும் பழக்கதோஷத்தில் ஆடப் பார்த்தது. பிடித்து நிறுத்தினாள்.

"கோளாறு இல்ல சார். அது பாட்டு. நான் எழுதி, நான் பாடினது."

"வேலை போயிடும்மா."

"மாத்தி ஏத்தினதுக்கு அனுப்புங்க, போறேன். பாட்டைக் கோளாறுன்னு மட்டும் சொல்ல மாட்டேன். இத்தனை வருஷமா காத்திருங்க காத்திருங்கன்னு கெஞ்சினேனே, அதுதான் சார் பொய். இது ஒண்ணுதான் நான் நிஜமாப் பேசினது!"

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். தட்டென்று விழுந்தது. அதுவும் நல்ல சத்தமாகத்தான் இருந்தது.

அப்போது போன் எடுக்கும் பெண் மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

"சார், லைன்ல இருக்கிறவங்க கண்டபடி திட்டுறாங்க சார்."

"தெரியும்! அதைத்தானே பேசிட்டிருக்கேன்!"

"அதில்ல சார். பாட்டு முடியறதுக்குள்ள ஏன் போனை எடுத்தேன்னு திட்டுறாங்க."