மேனேஜரிடம் கருத்துக் கேட்டார்கள்

“இந்த வீட்டுல அடுத்த பிறந்தநாள் யாருக்கு வருது?” என்று கருத்துக்கணிப்புக்கு வந்த பெண் கேட்டதும், “எனக்குத்தான், அடுத்த வாரம்” என்றாள் மேனேஜரின் மனைவி.

“அப்ப நீங்கதாம்மா பதில் சொல்லணும்” என்று அந்தப் பெண் கையிலிருந்த டேப்லெட்டைத் தட்டினாள். வாய் நீளமானவர்களே எல்லா வீட்டிலும் பேசிவிடக் கூடாது என்பதற்காக அவர்கள் அலுவலகத்தில் அப்படி ஒரு விதியாம்.

மேனேஜரின் முகம் தொங்கிப்போய்விட்டது. கிடங்கு மேனேஜராக இருந்து ஓய்வுபெற்ற பிறகும் தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. நாட்டிலுள்ள கட்சிகளைப் பற்றியும், உலகமெங்கும் ஜனநாயகம் படும் பாட்டைப் பற்றியும் அவரிடம் கருத்து மலைபோல் குவிந்து கிடந்தது. எந்த நாட்டில் எந்தத் தேதியில் ராணுவம் புகுந்தது, எந்த அதிபர் எந்த மாதம் நாடாளுமன்றத்தைக் கலைத்தார் என்பதெல்லாம் விரல் நுனியில். கேட்கத்தான் நாதியில்லை. நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் அவரைக் கண்டால் நடையை ஓட்டமாக்கினார்கள். இன்று நாடே வாசலுக்கு வந்து கேட்கிறது, அதுவும் அவளிடம். அவருக்கு வயிறு எரிந்தது.

“அவளுக்கு அரசியல்ல ஒரு மண்ணும் தெரியாதும்மா. என்னைக் கேளு.”

“ரூல் அப்படி, சார்.”

சர்வாதிகாரி என்று பெயர் வாங்க மேனேஜருக்கு விருப்பமில்லை. வாக்கெடுப்பு வைத்துவிடலாம் என்று, மாடியில் தனிக்குடித்தனம் இருந்த மகனையும் மருமகளையும் கீழே கூப்பிட்டார். யார் பதில் சொல்வது, கை தூக்குங்கள் என்றார். மனைவிக்கு மூன்று கை. அவருக்கு ஒன்று, அதுவும் சொந்தக் கை.

மேனேஜர் அசரவில்லை. மருமகள் வேறு வீட்டிலிருந்து வந்தவள், ஆகவே அது அந்நியத் தலையீடு என்று தள்ளினார். மகனுக்கு மாடியில் தனி அடுப்பு இருக்கிறது, கீழ்வீட்டு விவகாரத்தில் அவனுக்கென்ன வேலை என்று அவனையும் தள்ளினார். தானே கூப்பிட்டு வந்தவர்கள் என்பது அவருக்கு உறைக்கவேயில்லை. போட்டியில் நிற்பவர் தனக்குத்தானே ஓட்டுப் போட்டுக்கொள்வது அநாகரிகம் என்று மனைவியின் கையையும் இறக்கச் சொன்னார். அவர் கை மட்டும் தூக்கியபடியே இருந்தது.

“ஒண்ணுக்கு பூஜ்யம். நான் ஜெயிச்சாச்சு.”

மகன் தலையில் அடித்துக்கொண்டு மாடியேறினான். மருமகளும் பின்னால் போனாள்.

அந்தப் பெண் பொறுமைசாலி. ஓட்டெல்லாம் இருக்கட்டும், அம்மா இந்த வீட்டில் குடியிருக்கிறவரை டேப்லெட் அம்மாவைத்தான் கேட்கும் என்றாள்.

மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். “அவ இங்க இல்லம்மா. மாடியில மகனோட இருக்கா. வந்து சமைச்சு வச்சிட்டுப் போவா, அவ்வளவுதான். இந்த வீட்டுல நான் ஒருத்தன்தான்.”

“அப்படியாங்க?” என்றாள் மனைவி.

“அப்படித்தான்.”

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

பிறகு மேனேஜர் வெளுத்து வாங்கினார். ஆளுங்கட்சி வாய்ப்பந்தல் போடுகிறது, எதிர்க்கட்சி தூங்கி வழிகிறது, மக்களோ மாக்கான்கள். உலகில் ஜனநாயகத்துக்குப் பெரிய ஆபத்து எது என்ற கேள்வி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நல்லா எழுதிக்கோ. தோத்தாலும் ஒத்துக்காம, ஓட்டுப் போட்டவன் பேரையே வெட்டிட்டு ஜெயிச்சேன்னு சொல்றான் பாரு, அவன்தான். அவனுக்கெல்லாம் வெட்கம் மானமே கிடையாது.”

சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. தன் கருத்து தனக்கே அவ்வளவு பிடித்திருந்தது.

கடைசிப் பொத்தானை அமுக்கிய பெண் உதட்டைப் பிதுக்கினாள். “சாரி சார். தனி ஆள் இருக்கிற வீடுங்க எங்களுக்கு வேண்டிய அளவு முடிஞ்சிருச்சாம். உங்க பதிலை எடுத்துக்க மாட்டேங்குது. இனி மூணு பேராவது இருக்கிற குடும்பம்தான் வேணுமாம்.”

மாடியில் இப்போது சரியாக மூன்று பேர். அந்தப் பெண் படியேறிப் போனாள்.

மேனேஜர் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். மேலே பேச்சும் சிரிப்புமாக இருந்தது. அவருக்கு அழுகை வரும்போல இருந்தது, பசி வேறு. வெகுநேரம் கழித்து அந்தப் பெண் போக, அவளை வாசல்வரை கொண்டுவிட்ட மருமகள் திரும்பி வந்தாள்.

“என்ன, உங்க அத்தை நாட்டுக்கே புத்தி சொல்லி முடிச்சாச்சா?”

“அத்தை எங்க சொன்னாங்க? மேல அடுத்த பிறந்தநாள் எனக்குத்தான், விதிப்படி நான்தான் சொன்னேன்.”

“அதெப்படி? அவளுக்குத்தானே அடுத்த வாரம்?”

மருமகள் அவரைப் பாவமாகப் பார்த்தாள். “மாமா, அத்தை பிறந்தநாள் போன மாசமே முடிஞ்சு போச்சு. உங்களுக்கு ஞாபகம் இருக்கான்னு பாக்கத்தான் அப்படிச் சொன்னாங்களாம். கீழ்வீட்டுல அடுத்த பிறந்தநாள் உங்களுதுதானே? ‘இல்லையே’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நேர்மையாவே நீங்கதான் ஜெயிச்சிருப்பீங்க.”