இரண்டு ஆட்டு முஹ்சின்

முதலில் மோவாய் அரை அங்குலம் கீழே இறங்கும். எடை போடுவதுபோல் ஒரு கணம் அங்கேயே நிற்கும். கண்கள் லேசாகச் சுருங்கும். பிறகு தலை, மெதுவாக, மேலும் கீழுமாக இரண்டே ஆட்டு. ஒன்று போதாது, தூக்கம் என்று நினைத்துவிடுவார்கள். மூன்று அதிகம், போலி என்று தெரிந்துவிடும். கூடவே மூடிய உதட்டுக்குள்ளிருந்து ஒரு 'ம்ம்'. வாசகரே, நீங்கள் இப்போது பார்த்ததுதான் தலையாட்டி என்னும் இனம்.

எங்கும் கிடைக்கும் பிராணிதான். பேங்க் மேனேஜர் முன்னால் ஒன்று இருக்கும், மெக்கானிக் பக்கத்தில் ஒன்று நிற்கும். ஆனால் அது கொழுத்து வளர்கிற இடம் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடம். கண்ணுக்குத் தெரியாத அணு, கைக்கு அகப்படாத விசை, எதற்கு என்று யாரும் சொல்லாத மோல், இவற்றை ஒருவர் கரும்பலகையில் எழுதி "புரிஞ்சுதா?" என்று கேட்கும்போது, நல்ல மனம் படைத்தவன் வேறு என்னதான் செய்வான்?

மரக்காணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் மூன்றாவது பெஞ்சில் இருந்த முஹ்சின் இந்த இனத்தின் சிறந்த மாதிரி. கூச்சக்காரன். "புரியல மிஸ்" என்று சொல்ல என்ன செலவாகும்? ஒன்றுமில்லை, வகுப்பே ஒரு தடவை திரும்பிப் பார்க்கும். அவ்வளவுதான். அதற்கு உயிரை விட்டுவிடலாம் என்பது அவன் கட்சி.

மலர்கொடி மிஸ்ஸுக்கு அந்தத் தலை பெரிய வசதி. இயற்பியல், வேதியியல் இரண்டையும் அவர்தான் நடத்த வேண்டும். திண்டிவனம் பஸ்ஸை விடாமல் பிடிக்கவும் வேண்டும். பாடம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று நாற்பது முகங்களைத் துழாவுவானேன்? முஹ்சின் தலை ஆடிற்றா, பக்கத்தைத் திருப்பு.

முஹ்சினுக்கு நேர் பின்பெஞ்சில் இருந்த வெற்றிச்செல்வனுக்குத்தான் அது எமன். அவன் அப்பாவுக்கு உப்பளம். அரையாண்டில் அறிவியல் போனால், சீசன் ஆரம்பித்ததும் லீவு நாளெல்லாம் உப்புப் பாத்தியில் இறக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனிதர்.

"டேய், ஒரு நாளாச்சும் அந்த மண்டைய ஆட்டாம இருடா. மிஸ் இன்னொரு வாட்டி சொல்லுவாங்க இல்ல?"

"நான் எங்கடா ஆட்டறேன்? அதுவா ஆடுது."

"கழுத்துல ஸ்பிரிங்கா வெச்சிருக்க?"

இந்த நிலையில்தான் அந்தச் சோதனை வந்தது. பேட்டரி, இரண்டு ஒயர், ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு. தூய நீரில் ஒயரை விட்டால் பல்பு எரியாது. உப்புப் போட்டால் எரியும். அயனிகள் மின்சாரத்தைக் கடத்துகின்றன. இவ்வளவுதான் பாடம். டிஸ்டில்டு வாட்டர் பாட்டிலை எடுத்துவர மிஸ் முஹ்சினை அனுப்பினார்.

பாட்டில் காலி. ஆபீஸ் வாசலில் நின்ற பியூன் ஐயப்பன் அண்ணன் கையை விரித்தார். "அதுவா? இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்தியாச்சுப்பா. தண்ணிதானே, குழாய்ல புடிச்சுக்கோ. புரிஞ்சுதா?"

இரண்டு ஆட்டு. குழாயில் பிடித்துக்கொண்டான்.

அந்தக் குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் யாரும் குடிப்பதில்லை. வாய் கொப்பளித்தால் அன்றைய சாப்பாட்டுக்கு உப்புத் தேவையில்லை. பள்ளிக்கூடமே வீட்டிலிருந்து தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தது, அந்தக் குழாய்க்குப் பயந்துதான். உப்பு விளைகிற ஊரில் பிறந்த நாற்பது வாய்களுக்கும் அது தெரியும். நாற்பது தலைகளில் ஒன்றுக்கும் வாய் சொல்லி அனுப்பவில்லை.

"இது சுத்தமான தண்ணி. பல்பு எரியாது, பாருங்க" என்று மிஸ் ஒயரை விட்டார்.

எரிந்தது.

மங்கலாக, ஆனால் மறுக்க முடியாதபடி எரிந்தது. மிஸ் ஒயரை வெளியே எடுத்துத் துடைத்தார். பேட்டரியைத் தட்டினார். மறுபடி விட்டார். எரிந்தது.

"டேய், இதான்டா சான்ஸ்," வெற்றி முஹ்சின் முதுகில் விரலால் குத்தினான். "மிஸ்ஸே முழிக்கிறாங்க. ஆட்டாத. மொதல்லேர்ந்து சொல்லுவாங்க. உன் கால்ல வுழறேன், ஆட்டாத!"

முஹ்சின் பல்லைக் கடித்துக் கழுத்தை இறுக்கினான். மிஸ்ஸின் பார்வை முதல் பெஞ்சைத் தாண்டி, இரண்டாவதைத் தாண்டி, அவன்மேல் வந்து நின்றது.

"என்ன முஹ்சின், புரியுதா?"

மோவாய் அரை அங்குலம் இறங்கியது. ஒரு கணம் நின்றது. கண்கள் சுருங்கின. மீதி உங்களுக்குத் தெரியும்.

மிஸ்ஸின் முகம் தெளிந்தது. "சரி, இப்ப உப்பு போடலாம்." உப்புப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்தது. பக்கம் திரும்பியது.

அரையாண்டுத் தேர்வில் அதே கேள்வி. தூய நீர் மின்சாரத்தைக் கடத்துமா? 'நன்றாகக் கடத்தும், நாங்கள் நேரில் பார்த்தோம்' என்று எழுதினான் வெற்றி. கண்ணை நம்பிய எல்லோரும் அப்படியே எழுதினார்கள். எல்லோருக்கும் மார்க் போச்சு, வெற்றிக்கு அறிவியலே போச்சு. முஹ்சினுக்கு மட்டும் முழு மதிப்பெண். அவன் பார்த்ததை எழுதவில்லை. மனப்பாடம் செய்ததை எழுதினான்.

பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, வெற்றி பாத்தியில் பலகை தள்ளிக்கொண்டிருந்தான். சாலையில் சைக்கிளில் போன முஹ்சினைப் பார்த்துக் கத்தினான்: "மண்டை உன்னுது, வேகறது என் காலுடா!"

முஹ்சின் இப்போது புதுச்சேரியில் கல்லூரி படிக்கிறான். நவீன கவிதைக் கூட்டங்களுக்குப் போகிறான். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் அந்தத் தலையைப் பார்த்து, வாசிக்கிறவர்கள் அடுத்த கவிதையைத் தைரியமாக எடுக்கிறார்கள்.

நீங்கள் அப்படியில்லை, தெரியும். டாக்டர் மருந்துச் சீட்டை விளக்கும்போது எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுந்திருப்பீர்கள். அயனிகள் மின்சாரத்தைக் கடத்துகின்றன என்று மேலே சொன்ன இடத்தில் உங்கள் மோவாய் இறங்கியிருக்கவே இருக்காது.

போன மாதம் முஹ்சின் மலர்கொடி மிஸ்ஸைத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தான். படிப்பு, வீடு எல்லாம் விசாரித்துவிட்டு மிஸ் குரலைத் தாழ்த்தினார்.

"ரொம்ப நாளா உன்னக் கேக்கணும்னு இருந்தேன்டா. அன்னைக்கு உப்பு போடறதுக்கு முன்னாடியே பல்பு எரிஞ்சுதே, ஏன்? எனக்கு இன்னி வரைக்கும் பிடிபடல. கிளாஸ்ல எல்லார் எதிர்லயும் கேக்க வெக்கமா இருந்துச்சு. உனக்குத்தான் புரிஞ்சிடுச்சேன்னு அப்படியே வுட்டுட்டேன்."