குளிசையர் விழுங்கிய கமரா

பள்ளிமுனையில் குளிசையரின் கையால் ஒரு குளிசையாவது வாங்கி விழுங்காத ஆள் என்று எவராவது இருந்தால், அவர் ஒன்றில் நேற்றுத்தான் ஊருக்கு வந்திருப்பார், அல்லது இன்னும் பல் முளைக்காதவராக இருப்பார்.

குளிசையர் வைத்தியரோ மருந்துக்கடைக்காரரோ என்று நினைத்துவிடாதீர்கள். அவர் படகு எஞ்சின் திருத்துகிறவர். நான் அப்போது அங்கே மீனவர் சங்கக் கந்தோரில் கிளாக்கர். முசலிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோவேன். கந்தோரின் பின்சுவரோடு சாய்த்துக் கட்டிய தகரக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. சட்டைப் பையில் ஒரு திருப்புளி இருக்கும். அதற்குப் பக்கத்தில் நோவுக்குப் போடும் நோக் குளிசை அட்டைகள், சீட்டுக்கட்டு மாதிரி.

எஞ்சின் தூக்கித் தூக்கி அவருக்கு இரண்டு முழங்காலும் போயிருந்தன. காலையில் தேத்தண்ணிக்கு முன்னம் ஒரு குளிசை. எஞ்சின் தூக்கினால் ஒன்று. தூக்காத நாளில், நாளைக்குத் தூக்கவேண்டி வருமே என்று நினைத்து ஒன்று. தான் பெற்ற சுகத்தைத் தனியே வைத்திருக்கும் குணமும் அவருக்குக் கிடையாது. வலை இழுத்து முதுகு பிடித்தவருக்குக் கொடுத்தார். முழந்தாளிட்டுக் கால் விறைத்த பங்குச் சுவாமிக்குக் கொடுத்தார். பிரதேச சபைத் தேர்தலில் தோற்றுப்போய்க் கொட்டகையில் வந்து குந்தியிருந்த ஒருவருக்கும் கொடுத்தார். எனக்குப் பல்வலி வந்தபோது வாயைத் திறக்கச் சொல்லி டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “பிளக் ஊத்தையாக் கிடக்கு, கிளாக்கர்” என்று சொல்லி ஒன்றுக்கு இரண்டாகத் தந்தார்.

அவரிடம் ஒரு கொள்கை இருந்தது. நோக் குளிசையோடு அமிலத்துக்கான குளிசை ஒன்றையும் கட்டாயம் போடவேண்டும். அதைப் போட்டுவிட்டால் வயிற்றுக்கு உள்ளே பெயின்ற் அடித்த மாதிரி, பிறகு எதை விழுங்கினாலும் துரு ஏறாது என்பது அவருடைய விஞ்ஞானம். இருபது வருடமாக ஒருவரும் அதை மறுத்துப் பேசவில்லை.

மறுத்துப் பேச ஒரு பெண் வந்தார். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆராய்ச்சிக் குழுவுக்குப் பொறுப்பான டொக்டர். கடல்தொழில் செய்கிறவர்கள் நோக் குளிசையைக் கணக்கில்லாமல் போடுகிறார்கள், அது இரைப்பையையும் குடலையும் என்ன செய்கிறது என்று பார்க்க வந்திருந்தார். எங்கள் சங்க மண்டபத்தில் மேசை போட்டு இரத்தம் எடுத்தார்கள். மலச்சோதனைக்குச் சின்னச் சின்னப் போத்தல் கொடுத்தார்கள். ஆட்கள் அதை மூன்று பைக்குள் சுற்றி, நகை அடைவு வைக்கப் போகிறவர்கள் மாதிரி நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தார்கள். மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. உள்ளே இரத்தம் கசிந்தால்தான் அப்படிப் போகுமாம். நாலு படகுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஒருவர் மட்டும் பதில் சொன்னார்: “எங்கட கக்கூசுக்குள்ள வெளிச்சம் காணாது, டொக்டர்.”

குளிசையருக்குக் கோபம். தன்னுடைய குளிசையின் மேல் யாரோ பொலிசில் முறைப்பாடு கொடுத்த மாதிரி. என்னையும் இழுத்துக்கொண்டு நியாயம் கேட்கப் போனார். டொக்டர் அவருடைய கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். இரத்தம் எடுத்தார். அவித்த கணவாய் மாதிரி வெளிறிப் போயிருக்கிறீர்கள், இரத்தம் நன்றாகக் குறைவு, எங்கேயோ கசிகிறது என்றார். தான் நிழலில் வேலை செய்வதால் வந்த வெள்ளை அது என்றார் குளிசையர்.

அப்போதுதான் டொக்டர் கமராவைப் பற்றிச் சொன்னார். பெரிய குளிசை அளவில் ஒரு கமரா. விழுங்கினால் குடல் முழுக்கப் படம் எடுத்துக்கொண்டே போய்த் தானாக வெளியே வந்துவிடும். குளிசையரின் முகம் பெருநாள் பிறை கண்ட மாதிரி மலர்ந்தது. கமரா கிடக்கட்டும், அது குளிசை வடிவில் இருக்கிறதே.

ஆனால் டொக்டர் ஒரு கேள்வி கேட்டார். சாப்பிட்ட பிறகு வயிறு பிடித்து இழுக்கிறதா, ஊதுகிறதா? அப்படியென்றால் குடலில் எங்காவது ஒடுக்கம் இருக்கலாம், கமரா அங்கே சிக்கிவிடும்.

“ஒண்டுமில்லை” என்றார் குளிசையர்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். மத்தியானம் சோறு தின்ற பிறகு அவர் எஞ்சினில் கவிழ்ந்து, கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதைக் கந்தோர் யன்னலால் எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். கேட்டால், எஞ்சினின் சத்தத்தைக் கேட்கிறேன் என்பார். எஞ்சின் ஓடாமல் கிடக்கும். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். அவருடைய ஆசையைக் கெடுப்பானேன் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

கமரா விழுங்கிய நாள் பள்ளிமுனைக்கு ஒரு திருநாள். வயிற்றில் வயர்களை ஒட்டி, இடுப்பில் பெட்டி ஒன்றைக் கட்டிவிட்டு, சாதாரணமாக நடந்து திரியுங்கள் என்று அனுப்பினார்கள். குளிசையருக்குச் சாதாரணமாக நடக்க வராது. கடற்கரைக்குப் போனார், கோயிலடிக்குப் போனார், மீன் ஏலத்துக்கு நடுவில் போய் நின்றார். கமரா எந்த இடத்தில் நிற்கிறது என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஆனாலும் ரயில் நிலைய அதிபர் மாதிரி அறிவித்துக்கொண்டே வந்தார். பத்து மணிக்குக் கமரா கடலுக்கு நடுவால் போகும் தாம்போதியைத் தாண்டியது. மத்தியானம் முருங்கன் ஸ்டேசனில் நின்றது. பின்னேரம் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது, பாதை முடிகிற மதவாச்சிக்குக் கிட்ட வந்துவிட்டது என்றார்.

வரவில்லை.

வெளியே வந்ததும் அறிவியுங்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஊரே காத்திருந்தது. கடலுக்குப் போகும் படகிலிருந்து “வந்திட்டுதோ?” என்று கேட்டார்கள். பூசை முடிந்து வெளியே வந்த சுவாமி, பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, “அந்த விசயம் ஆச்சுதோ?” என்று மெதுவாகக் கேட்டார். இரண்டு கிழமை போயிற்று. முதலில் எல்லோருக்கும் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னவர், பிறகு கொட்டகையின் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்யத் தொடங்கினார்.

கடைசியில் டொக்டர் எடுப்பித்த எக்ஸ்ரேயில் கமரா தெளிவாகத் தெரிந்தது, போட்ட இடத்தில் கிடக்கும் நங்கூரம் மாதிரி. டொக்டர் எங்கள் இருவரையும் இருத்திவைத்து, அது எடுத்து அனுப்பிய படங்களைக் காட்டினார். முதலில் இரைப்பை. ரோசா நிறத்தில் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. குளிசையர் என்னை ஒரு பார்வை பார்த்தார். டொக்டர் அடுத்த படங்களுக்குப் போனார். சிறுகுடல். அங்கே ஒரு புண், இங்கே ஒரு புண். பிறகு குடலின் வழியையே மறித்துக்கொண்டு ஒரு வெள்ளை வளையம்.

அமிலக் குளிசை இரைப்பைக்குத்தான் காவல், அதற்குக் கீழே அது ஒன்றும் செய்யாது என்று டொக்டர் விளக்கினார். வருடக்கணக்காகப் புண் வந்து, ஆறி, திரும்பவும் வந்து, அந்தத் தழும்பு இறுகி வளையமாகிவிட்டதாம்.

குளிசையர் கதிரையை முன்னுக்கு இழுத்து, பழுதான எஞ்சினைப் பார்க்கிற மாதிரியே அதைப் பார்த்தார்.

“வாசர் மாதிரிக் கிடக்கு” என்றார்.

“ஓம். வயிறு பிடிச்சு இழுக்கிறதெண்டு ஏன் அண்டைக்கு எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் கமரா தரமாட்டீங்கள் எண்டு பயந்திட்டன்.”

“எனக்கும் தெரியும், டொக்டர்” என்றேன் நான். “கண்டனான். சொல்லேல்லை.”

டொக்டர் எங்களை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் ஏசவில்லை. இன்றைக்கே குளிசையை நிற்பாட்டவேண்டும், வீக்கம் வற்றினால் கமரா தானாக இறங்கவும் கூடும், இல்லாவிட்டால் ஒப்பரேசன் என்றார். திரும்பி வரும் வழியில் குளிசையர் ஒரே ஒரு வசனம்தான் கதைத்தார்.

“நான் எத்தினை பேருக்குக் குடுத்திருப்பன், கிளாக்கர்?”

அடுத்த நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார், கொடுத்த குளிசையைத் திருப்பிக் கேட்க. ஒருவரும் கொடுக்கவில்லை. முழங்கால் நோ மாறியதும் தருகிறேன் என்றார் ஒரு அம்மா. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது மரியாதையா என்று சண்டைக்கு வந்தார் இன்னொருவர். குளிசையர் யோசித்தார். சம்மாட்டி சொன்ன பதில் ஞாபகம் வர, வயர் சுருளும் பல்ப்புகளும் வாங்கிக்கொண்டு திரும்பவும் புறப்பட்டார். முழங்கால் நோவோடு, ஒரு குளிசையும் போடாமல், கதவைத் தட்டிக் கக்கூசுகளுக்கு லைட் போட்டுக்கொடுத்தார். பல்ப்பைப் பூட்டிவிட்டு ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பிரசங்கம்: கறுப்பாகப் போனால் வெட்கப்படாமல் டொக்டரிடம் போங்கள்.

பள்ளிமுனை சிரித்தது. ஆனால் பல்ப் பூட்டிய நாலாம் நாள் சம்மாட்டி ஒரு சொல்லும் கதைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். அவருக்கு இரைப்பையில் புண். குழாய் விட்டுப் பார்த்து, இரத்தம் கசிந்த இடத்தை அடைத்து, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு சிரிப்புக் குறைந்தது. சிலர் தாங்களாகவே அட்டைகளைக் கொண்டுவந்து கொட்டகையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

குளிசையரின் கமரா மட்டும் அசையவில்லை. ஒருநாள் மத்தியானம் பட்டறைக்குள் ஏதோ விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். நிலத்தில் கிடந்தார். வயிறு மேளம் மாதிரி இறுகியிருந்தது. குடித்த தண்ணியும் வெளியே வர, நிறுத்தாமல் சத்தி எடுத்தார். அம்புலன்சில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கல்யாணம் முடிக்காதவர், வீட்டில் வேறு ஆள் இல்லை. நான்தான் கூடப் போனேன். தாம்போதி முழுக்க என்னுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். எஞ்சின் தூக்கிய கை. எனக்கு வலித்தது. விடச் சொல்லவில்லை.

ஒப்பரேசனுக்கு முன்னம் தாதி படிவம் நிரப்பினார். கூட வந்தவர் நோயாளிக்கு என்ன முறை என்று கேட்டார். சங்கத்துக் கிளாக்கர் என்று சொல்ல நான் வாயெடுக்க முதல், தள்ளுவண்டியில் கண்ணை மூடிக் கிடந்தவர், “தம்பி” என்றார்.

தாதி அவருடைய பெயரைப் பார்த்தார். அது அந்தோனியாரின் பெயர். பிறகு என்னுடைய அடையாள அட்டையைப் பார்த்தார். அது நபியின் பெயர். பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்:

“சொந்தத் தம்பியோ?”

“ஓம்” என்றேன்.

ஒடுங்கிப்போன குடல் துண்டை வெட்டி எடுத்துத் தைத்தார்கள். கமராவும் அதோடு வந்தது. குளிசையர் இப்போது நன்றாக இருக்கிறார். முழங்காலுக்குப் பயிற்சி செய்கிறார், செய்யச் சொன்னவர்களைத் திட்டிக்கொண்டு. கிளினிக்குக்கு இருவரும் ஒன்றாகத்தான் போவோம். அவருடைய கொப்பியில் உறவுமுறை என்ற இடத்தில் இன்னும் தம்பி என்றுதான் இருக்கிறது. அதைத் திருத்தச் சொல்லி இன்றுவரை அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.